அவர் என்ன நினைக்கிறார்? பதற்றமும் பிறர் மனம் படித்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டால் ‘நான் பேசுவது போரடிக்கிறது’ என்று உடனே முடிவு கட்டுகிற ஆள் நான். அவர் ராத்திரி தூங்காமல் இருந்திருக்கலாம் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றும். இது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு எழுந்த கேள்விகளையும், இதே தொல்லையில் இருக்கும் நண்பர்கள் கேட்டவற்றையும் சேர்த்து எழுதியது இந்தப் பக்கம். நான் மருத்துவர் அல்ல. பதற்றத்தோடு பல வருடம் குடித்தனம் செய்தவன், அவ்வளவுதான்.

பதற்றத்துக்கும் அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வதற்கும் அப்படி என்ன தொடர்பு?

அடுத்தவர் மனதை யாராலும் நேரில் பார்க்க முடியாது. முகம், குரல், சொன்ன வார்த்தை, சொல்லாமல் விட்ட வார்த்தை என்று துண்டு துண்டாகக் கிடைப்பதை வைத்துத்தான் ஊகிக்கிறோம். ஊகத்தில் எப்போதும் ஓர் ஓட்டை இருக்கும். அதை எதைக் கொண்டு அடைக்கிறோம் என்ற இடத்தில்தான் பதற்றம் உள்ளே நுழைகிறது.

மனம் நிம்மதியாக இருக்கும்போது ‘தெரியவில்லை, பார்ப்போம்’ என்று ஓட்டையை அப்படியே விட்டுவிடும். பதறும் மனதால் அப்படி விட முடியாது. தெரியாத ஒன்று அதற்கு ஆபத்தாகவே படும். அதனால் கைக்குக் கிடைத்த மிக மோசமான விளக்கத்தை எடுத்து அடைத்துவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அதேதான். அந்த ஆளின் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இருட்டில் ஏதோ அசைந்ததை அவன் சரியாகத்தான் பார்த்தான். அதற்குப் பேய் என்று பெயர் வைத்தது பயம்.

‘மனக் கோட்பாடு’ என்கிறார்களே, அது என்ன?

ஒவ்வொருவர் தலைக்குள்ளும் தனி எண்ணம், தனி நம்பிக்கை, தனி ஆசை இருக்கிறது, அது என் தலைக்குள் இருப்பதைப் போலவே இருக்க வேண்டியதில்லை என்று தெரிந்திருப்பதற்கு உளவியலில் வைத்த பெயர். 1978-இல் டேவிட் பிரெமாக், கய் வுட்ரஃப் என்ற இருவர், சிம்பன்சிக்கு இந்தத் திறன் உண்டா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். பெயர் அங்கிருந்துதான் பரவியது.

குழந்தைகளிடம் இதைச் சோதிக்க ஒரு பொம்மை விளையாட்டு உண்டு. சாலி என்ற பொம்மை ஒரு கோலிக்குண்டைக் கூடைக்குள் வைத்துவிட்டு வெளியே போகிறது. அந்த நேரத்தில் ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் மாற்றிவிடுகிறது. சாலி திரும்பி வந்து கோலியை எங்கே தேடும்? மூன்று வயதுக் குழந்தை பெரும்பாலும் ‘பெட்டியில்’ என்று சொல்லும். ஏனென்றால் கோலி அங்கேதான் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். நான்கு வயதை ஒட்டித்தான் ‘கூடையில்’ என்ற பதில் வரத் தொடங்கும். நமக்குத் தெரிந்தது சாலிக்குத் தெரியாது என்பது அப்போதுதான் பிடிபடுகிறது.

பெரியவர்கள் எல்லோரும் இதில் தேறியவர்கள்தாம் என்று நினைப்போம். ஆனால் திறன் இருப்பது வேறு, அவசரத்தில் அது கைகொடுப்பது வேறு. நீச்சல் தெரிந்தவரும் பயந்துவிட்டால் தண்ணீர் குடிப்பார் அல்லவா.

பதற்றப்படுகிறவர்கள் மற்றவர்களை உன்னிப்பாகக் கவனிப்பார்களே. அப்படியானால் நன்றாகத்தானே புரிந்துகொள்ள வேண்டும்?

எனக்கும் பல வருடம் இந்த நம்பிக்கை இருந்தது. ‘நான் ஆட்களைப் படிப்பதில் கெட்டிக்காரன்’ என்று சொல்லிக்கொள்வேன். பாதி உண்மை. கவனிப்பது நிஜமாகவே அதிகம். 1986-இல் கோலின் மக்ளவுட், ஆண்ட்ரூ மேத்யூஸ் முதலானவர்கள் செய்த பரிசோதனையில், திரையில் இரண்டு சொற்களைச் சேர்த்துக் காட்டினார்கள். ஒன்று அச்சமூட்டும் சொல், மற்றது சாதாரணச் சொல். பதற்றக் கோளாறு உள்ளவர்களின் கவனம் அச்சமூட்டும் சொல் இருந்த பக்கமே சாய்ந்தது. பிறகு முகங்களை வைத்தும் இதே வகைச் சோதனைகள் நிறைய நடந்திருக்கின்றன.

ஆனால் உன்னிப்பாகப் பார்ப்பது ஒரு பக்கம் மட்டும்தான் என்பதில் சிக்கல் இருக்கிறது. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் சுளித்த முகம் ஒன்று இருந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பது நாம்தான். தலையாட்டிக்கொண்டு ஆர்வமாகக் கேட்ட நாலு பேரைக் கண்டுபிடிக்கச் சொன்னால் முழிப்போம். ஒரு பாட்டில் தப்பு ஸ்வரத்தை மட்டும் பிடிக்கிற காது, பாட்டைக் கேட்டதாகச் சொல்ல முடியாது.

இந்தக் கூர்மை சின்ன வயதிலேயே வந்துவிடுமா?

சிலருக்கு வரும். அப்பா வண்டியை நிறுத்தும் சத்தத்திலேயே இன்று என்ன மூடில் வருகிறார் என்று கண்டுபிடிக்கும் பிள்ளைகள் உண்டு. செத் போலாக் என்ற அமெரிக்க உளவியலாளர், மங்கலான முகப்படம் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகும்படி செய்து குழந்தைகளுக்குக் காட்டினார். வீட்டில் அடிபட்டு வளர்ந்த குழந்தைகள், மற்றக் குழந்தைகளைவிட முன்னதாகவே, படம் இன்னும் மங்கலாக இருக்கும்போதே, கோபத்தை அடையாளம் கண்டார்கள். அந்த வீட்டில் பிழைத்திருக்க அது தேவைப்பட்டது. அதே கண், வளர்ந்த பிறகு மேனேஜரின் முகத்திலும் வாழ்க்கைத் துணையின் முகத்திலும் கோபத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். இல்லாத இடத்திலும் தேடும்.

பதற்றம் உள்ள எல்லோருக்கும் இப்படி ஒரு பால்யம் இருந்தது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். பிறவிச் சுபாவத்துக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது.

சரி, பதற்றம் உள்ளவர்கள் பிறர் மனதைப் படிப்பதில் மேலா, கீழா? ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

இரண்டையும் சொல்கிறது. 2011-இல் வந்த ஓர் இஸ்ரேலிய ஆய்வில், சமூகப் பதற்றம் (நாலு பேருக்கு நடுவில், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று வரும் பதற்றம்) அதிகம் உள்ளவர்களுக்குப் பிறர் உணர்ச்சியை உணரும் திறன் கூடுதலாக இருப்பதாகத் தெரிந்தது. 2014-இல் ஹார்வர்டைச் சேர்ந்த டயான் ஹெசல், ரிச்சர்ட் மெக்னாலி செய்த ஆய்வில், சமூகப் பதற்றக் கோளாறு உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மதிப்பெண் எடுத்தார்கள்.

முரண் என்று நினைத்தால் விவரத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டாவது ஆய்வில் பயன்பட்டவற்றில் ஒன்று ‘கண்களில் மனதைப் படிக்கும்’ சோதனை. சைமன் பேரன்-கோஹன் குழு உருவாக்கியது. 36 புகைப்படங்கள், ஒவ்வொன்றிலும் கண் பகுதி மட்டும் தெரியும், நான்கு சொற்களில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். (சொல்வளம் உள்ளவருக்கு இது கூடுதல் சாதகம் என்ற விமர்சனம் உண்டு. எனக்கும் அதே சந்தேகம்தான்.) இன்னொன்று, சிலர் கூடிப் பேசும் படக்காட்சியைக் காட்டி, இவர் இப்போது என்ன நினைக்கிறார் என்று இடையிடையே கேட்பது. அதில் சமூகப் பதற்றம் உள்ளவர்கள் எப்படித் தவறினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மனதைக் கவனிக்காமல் விட்டதால் வந்த தவறு அல்ல அது. கொஞ்சமாக இருந்த உணர்ச்சியைப் பெரிதாகவும், சும்மா சொன்ன வார்த்தையை உள்ளர்த்தம் உள்ளதாகவும் படித்தார்கள். அளவுக்கு மிஞ்சிப் படித்துவிட்டார்கள்.

ஆக, எந்தத் திறனை அளக்கிறோம், எந்த அளவு பதற்றம், அந்த நேரத்தில் அவர் நிதானமாக இருந்தாரா, உதறிக்கொண்டிருந்தாரா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ‘பதற்றம் வந்தால் ஒத்துணர்வு (பிறர் உணர்ச்சியை உணர்வது) போய்விடும்’ என்றோ ‘பதற்றக்காரர்கள் பிறவி மனம்படிப்பாளர்கள்’ என்றோ ஒரே வரியில் எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

அந்த நிமிடத்தில் வரும் பதற்றம் மட்டும் என்ன செய்யும்? கோளாறு என்ற அளவுக்கு இல்லை, சும்மா படபடப்பு.

அதையும் சோதித்திருக்கிறார்கள். ஆண்ட்ரூ டாட் முதலானவர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், சிலரைத் தாங்கள் பதறிய ஒரு சம்பவத்தையும், சிலரைக் கோபப்பட்ட ஒரு சம்பவத்தையும் நினைவுகூரச் செய்துவிட்டு, மற்றவர் கோணத்தில் யோசிக்க வேண்டிய வேலைகளைக் கொடுத்தார்கள். எதிரில் இருப்பவருக்கு இடது எது, வலது எது என்பது போன்ற எளிய விஷயம்கூட அதில் இருந்தது. பதறியவர்கள் தங்கள் கோணத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். கோபப்பட்டவர்களுக்கு அந்த அளவு ஆகவில்லை.

இது முதலில் எனக்கு விநோதமாக இருந்தது. கோபம் அல்லவா கண்ணை மறைக்கும் என்பார்கள்? அவர்கள் தரும் விளக்கம் இது: கோபத்தில் இருப்பவருக்கு எல்லாம் நிச்சயம், பதற்றத்தில் இருப்பவருக்கு எதுவும் நிச்சயமில்லை. நிச்சயமின்மையில் மனம் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. நமக்கு நன்றாகத் தெரிந்தது நம்மைத்தானே.

எல்லாமே என்னைப் பற்றியது என்று ஏன் தோன்றுகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பதற்றம் பிறர் மனதைப் பற்றி யோசிக்க விடாமல் தடுப்பதில்லை. நாள் முழுக்க அதைத்தான் யோசிக்க வைக்கிறது. ஆனால் கேள்வியை மாற்றிவிடுகிறது. ‘அவருக்கு என்ன ஆச்சு?’ என்று இருக்க வேண்டிய கேள்வி, ‘அவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்?’ என்று ஆகிவிடுகிறது. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். முதல் கேள்விக்கு ஆயிரம் பதில் இருக்கலாம்: தலைவலி, கடன், பிள்ளைக்குப் பரீட்சை, செருப்பு கடிக்கிறது. இரண்டாவது கேள்விக்கு இருப்பது இரண்டே பதில், பிடிக்கிறது அல்லது பிடிக்கவில்லை. கேள்வியிலேயே பதிலின் பெரும்பகுதி அடிபட்டுப் போகிறது.

டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995-இல் சமூகப் பதற்றத்துக்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். இன்றைய சிகிச்சைகளில் பல அதை ஒட்டியவை. நாலு பேருக்கு நடுவில் போனதும் சமூகப் பதற்றம் உள்ளவரின் கவனம் வெளியிலிருந்து உள்ளே திரும்பிவிடுகிறது. நெஞ்சு அடிப்பது, குரல் நடுங்குவது, முகம் சூடாவது எல்லாவற்றையும் உள்ளிருந்து அளந்துகொண்டே இருக்கிறார். அந்த அளவீட்டை வைத்து, மற்றவர் கண்ணுக்குத் தான் எப்படித் தெரிகிறோம் என்று மனதுக்குள் ஒரு படம் வரைகிறார். அந்தப் படத்தையே எதிரில் இருப்பவரின் கருத்தாக எடுத்துக்கொள்கிறார். எதிரில் இருப்பவரைக் கேட்கவே இல்லை, பார்க்கவும் இல்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பதாக நினைப்பதுதான் இது.

மற்றவர்கள் நிஜமாகவே என்னைக் கவனிப்பதில்லையா?

கவனிப்பார்கள், நீங்கள் நினைக்கும் அளவில் பாதி. தாமஸ் கிலோவிச் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. கல்லூரி மாணவர் ஒருவருக்கு, போட்டுக்கொள்ளக் கூச்சமான ஒரு பாடகரின் படம் உள்ள டீ-சர்ட்டை மாட்டிவிட்டு, பலர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், ஏறத்தாழப் பாதிப் பேர் என்றார்கள் போட்டிருந்தவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசியை ஒட்டித்தான்.

இதற்கு ஒரு தம்பி உண்டு. நம் உள்ளே இருக்கும் படபடப்பு வெளியே அப்படியே தெரிகிறது என்ற நினைப்பு. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்ற பழமொழியை நம்பி நாம் பட்ட பாடு கொஞ்சமா? கொஞ்சம் தெரியும், அவ்வளவு தெரியாது. கிலோவிச்சும் கென்னத் சவிட்ஸ்கியும் 2003-இல் இதை மேடைப் பேச்சில் சோதித்தார்கள். பேசப் போகிறவர்களிடம் ‘உங்கள் படபடப்பு நீங்கள் நினைக்கிற அளவு வெளியே தெரியாது, இது ஆய்வில் தெரிந்த விஷயம்’ என்று முன்கூட்டியே விளக்கியபோது, அவர்கள் மேலும் நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களும் அப்படியே சொன்னார்கள். வெறும் ஒரு தகவல், அதற்கே இவ்வளவு பலன் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அப்படியானால் நான் சுயநலக்காரனா?

இல்லை. பல் வலிக்கிறவனுக்குப் பல்லைத் தவிர வேறு நினைப்பு வராது. அதற்குப் பெயர் சுயநலமா?

யாராவது அழுதால் எனக்குத் தாங்கவில்லை, எழுந்து போய்விடத் தோன்றுகிறது. இது ஒத்துணர்வு அதிகம் என்பதாலா?

ஒத்துணர்வு என்று நாம் ஒரே பையில் போடுவது உண்மையில் பல சரக்கு. மார்க் டேவிஸ் 1980-இல் வடிவமைத்த 28 வாக்கியக் கேள்வித்தாள் அதை நாலாகப் பிரிக்கிறது. மற்றவர் கோணத்தில் யோசிப்பது ஒன்று. அவருக்காகக் கரிசனப்படுவது ஒன்று. கதைமாந்தர்களின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பது ஒன்று. கடைசியாக, அடுத்தவர் துன்பத்தைப் பார்த்து நாம் தவித்துப் போவது. பதற்றத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது இந்தக் கடைசிச் சரக்குதான்.

கரிசனமும் தவிப்பும் வெளியே பார்க்க ஒன்றுபோலத் தெரியும், கண்ணீர்கூட ஒன்றுதான். வித்தியாசம் கதவு திறந்திருக்கும்போது தெரியும். டேனியல் பாட்சன் 1981-இல் செய்த பரிசோதனையில், ஒரு பெண் மின்னதிர்ச்சி வாங்கித் துடிப்பதைப் பங்கேற்பாளர்கள் பார்த்தார்கள் (அவர் நடித்தார், நிஜ அதிர்ச்சி இல்லை). அவருக்குப் பதிலாக நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். எளிதாகக் கிளம்பிவிடலாம் என்ற நிலையில், தவித்துப் போனவர்கள் பெரும்பாலும் கிளம்பினார்கள். கரிசனம் மேலோங்கியவர்களில் பெரும்பாலோர் இருந்து உதவ முன்வந்தார்கள்.

எழுந்து போகத் தோன்றுவது கல்மனதின் அடையாளம் என்று நினைத்து உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். அவர் வலி உங்களுக்குள் வந்து உங்கள் வலியாகிவிட்டது, அதை நிறுத்த வழி தேடுகிறீர்கள். அந்த இடத்தில் எனக்கு உதவுவது ரொம்பச் சின்ன விஷயம். பாதங்களைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு, ‘இது அவருடைய துக்கம்’ என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்வேன். ஆறுதல் வார்த்தை தேட மாட்டேன். தேடத் தொடங்கினால் மறுபடி என் திறமையைப் பற்றிய கவலை ஆரம்பித்துவிடும்.

‘ஓகே.’ என்று முற்றுப்புள்ளியோடு பதில் வந்தது. கோபமா?

தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அனுப்பியவர் முற்றுப்புள்ளி வைத்ததே அவருக்கு நினைவிருக்காது.

எழுத்தில் குரல் கிடையாது, முகம் கிடையாது. ஊகத்தின் ஓட்டை பெரிதாகிறது, பதற்றத்துக்கு அது விருந்து. ஜஸ்டின் க்ரூகரும் நிக்கலஸ் எப்லியும் 2005-இல் செய்த ஆய்வில், கிண்டலாகவும் நிஜமாகவும் எழுதிய வாக்கியங்களை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். 100-க்கு 78 முறை சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். உண்மையில் 56. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்.

எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒரு மெசேஜை மூன்றாவது முறை படிக்கிறேன் என்றால் அதில் இனி புதுத் தகவல் எதுவும் இல்லை. போனை வைத்துவிட வேண்டும், அல்லது அந்த ஆளைக் கூப்பிட வேண்டும்.

அவர் இடத்தில் என்னை வைத்து யோசித்தால் சரியாகப் புரிந்துவிடாதா?

நாம் சின்ன வயதிலிருந்து கேட்ட அறிவுரை. நல்ல பண்பு என்ற அளவில் சரி. துல்லியம் என்று பார்த்தால் கதை வேறு. டால் எயால், மேரி ஸ்டெஃபல், நிக்கலஸ் எப்லி மூவரும் 2018-இல் 25 பரிசோதனைகளின் முடிவை வெளியிட்டார்கள். மற்றவர் இடத்தில் இருந்து யோசிக்கும்படி சொன்னதால் ஊகம் துல்லியமாகவில்லை. சில சமயம் குறைந்தது. துல்லியத்தைக் கூட்டிய வழி ஒன்றுதான், அந்த ஆளிடமே பேசிக் கேட்டுக்கொள்வது.

பதற்றம் உள்ளவருக்கு இது இன்னும் பொருந்தும் என்பது என் கணிப்பு. அவர் இடத்துக்குப் போகும்போது நம் பயத்தையும் மூட்டை கட்டிக்கொண்டுதானே போகிறோம்.

கேட்டுவிடலாம். ஆனால் கேட்டுக்கேட்டே எல்லோரையும் சலிக்க வைத்துவிட்டேனே?

அது இன்னொரு பள்ளம். ‘என் மேல் கோபமா?’ என்று கேட்கிறோம், ‘இல்லை’ என்கிறார், ஐந்து நிமிடம் நிம்மதி. அப்புறம் ‘அந்த இல்லையைச் சொன்ன விதம் சரியில்லையே’ என்று ஆரம்பிக்கும். இப்படிக் கேட்பது தகவலுக்காகக் கேட்பதல்ல, மருந்துக்காகக் கேட்பது. வேளைக்கு வேளை தேவைப்படும், போகப்போக அளவும் கூடும்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நான் கண்ட வித்தியாசம் கேள்வியின் வடிவத்தில் இருக்கிறது. ‘நான் சொன்னது பிடிக்கவில்லையா?’ என்ற கேள்விக்குள் பதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, எதிராளியால் மறுக்கத்தான் முடியும். ‘நான் அந்த யோசனையைச் சொன்னபோது நீங்கள் பேசாமல் இருந்தீர்கள், என்ன ஓடிக்கொண்டிருந்தது?’ என்பது திறந்த கேள்வி. நான் பார்த்ததைச் சொல்கிறேன், அர்த்தத்தை அவரிடம் விடுகிறேன். ஒருமுறை கேட்க வேண்டும். வந்த பதிலை, அரைகுறையாகத் தோன்றினாலும், பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். எனக்கு இன்றும் கஷ்டம்.

இப்படி ஒருமுறை ஒரு சக ஊழியரிடம் கேட்டேன். ஒரு வாரமாக என்னைத் தவிர்க்கிறார் என்று உறுதியாக இருந்தேன். அவர் சொன்ன பதில்: ‘நீங்கதான் என்கிட்ட பேசறதையே நிறுத்திட்டீங்க. நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சேன்.’

நான் பழகும் விதமே மற்றவர்களைத் தள்ளி நிறுத்துகிறதா?

நடக்கக்கூடியதுதான், மேலே சொன்ன சம்பவமே அதற்குச் சாட்சி. பயத்தைச் சமாளிக்க நாம் செய்யும் சின்னச் சின்னத் தந்திரங்களை ‘பாதுகாப்பு நடத்தைகள்’ என்கிறார்கள். கண்ணைப் பார்க்காமல் இருப்பது, அடுத்துப் பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது, ஒன்றிரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வது. நமக்கு அது கவசம், எதிராளிக்கு அது ‘இவனுக்கு நம்மிடம் பேச இஷ்டமில்லை’ என்று தெரியும். அவர் விலகுகிறார். பார்த்தாயா, பிடிக்கவில்லை என்று நாம் உறுதி செய்துகொள்கிறோம்.

இத்தனைக்கும் நடுவே ஒரு நல்ல செய்தி. எரிக்கா பூத்பி குழுவின் 2018 ஆய்வில், முன்பின் தெரியாத இருவரைப் பேசவைத்து, பிறகு தனித்தனியாக விசாரித்தார்கள். எதிராளிக்குத் தன்னை எவ்வளவு பிடித்திருக்கும் என்ற கணிப்பு, நிஜமாகப் பிடித்ததைவிடக் குறைவாகவே இருந்தது. பதற்றம் உள்ளவர்களிடம் மட்டுமல்ல, பொதுவாகவே.

ஆட்டிசம் உள்ளவர்களின் சிக்கலும் இதுவும் ஒன்றா?

வெளியே ஒன்றுபோலத் தெரியலாம், உள்ளே ஒன்றல்ல. சமூகப் பதற்றத்தில் கையிலிருக்கும் திறனைப் பயம் கோணலாக்குகிறது. ஆட்டிசத்தில் உலகத்தையும் ஆட்களையும் உள்வாங்கும் விதமே பிறவியிலிருந்து வேறு. ஆனால் இரண்டும் ஒருவரிடமே இருப்பது மிகச் சாதாரணம். ஆட்டிசம் உள்ளவர்களிடம் பதற்றக் கோளாறுகள் பொது மக்களைவிட நன்றாகவே அதிகம். தொடர்ந்து தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிற ஒருவருக்குப் பதற்றம் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

‘அவர்களுக்கு ஒத்துணர்வு இல்லை’ என்ற பழைய பேச்சை விட்டுவிடுவது நல்லது. ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012-இல் கேட்டது நியாயமான கேள்வி. புரியாமை இரண்டு பக்கமும் இருக்கும்போது குறையை ஒரு பக்கத்தில் மட்டும் ஏன் எழுதுகிறீர்கள்? தன் உணர்ச்சிக்கே பெயர் வைக்கத் தெரியாத நிலை ஒன்றும் உண்டு. ஆட்டிசம் உள்ளவர்களிடம் மட்டுமல்ல, மற்றவர்களிடமும் அது இருக்கலாம். தன் உள்ளே இருப்பது புரியாதவருக்கு அடுத்தவருடையது புரிவது கடினம்தானே.

சிகிச்சையில் இதற்கு என்ன செய்கிறார்கள்?

பிறர் மனதைப் பற்றி நாம் கட்டும் இந்த முடிவுகளுக்கு அறிவுசார் நடத்தைச் சிகிச்சையில் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) ‘மனம் படித்தல்’ என்றே பெயர். ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் தொடங்கிவைத்த மரபு. அங்கே உங்கள் எண்ணம் தவறு என்று யாரும் வாதாட மாட்டார்கள். சோதித்துப் பார்க்கலாம் என்பார்கள். கூட்டத்தில் ஒரு அசட்டுக் கேள்வி கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? எழுதி வையுங்கள், எத்தனை பேர் சிரிப்பார்கள் என்று எண்ணிக்கையோடு. பிறகு போய்க் கேளுங்கள். திரும்பி வந்து எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். முன்கூட்டி எழுதுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எழுதாவிட்டால் மனம் பின்னாலேயே கணக்கைத் திருத்திவிடும்.

இன்னொன்று, நீங்கள் பேசுவதைப் படம் எடுத்துப் போட்டுக் காட்டுவது. நடுங்கி உளறியதாக நீங்கள் சத்தியம் செய்த பேச்சில், திரையில் இருப்பவர் கொஞ்சம் வேகமாகப் பேசுகிறார், அவ்வளவுதான். கூடவே கவனத்தை வெளியே திருப்பும் பயிற்சியும் உண்டு. எதிராளியின் குரல் ஏற்ற இறக்கம், அவர் சொல்லும் கதையில் அடுத்து என்ன என்பது போன்றவற்றில் மனதை வைப்பது. அப்போது ‘அவருக்கு என்ன ஆச்சு?’ என்ற பழைய கேள்வி தானாகத் திரும்பி வருகிறது.

மருந்து சாப்பிட்டால் உணர்ச்சி மழுங்கிவிடுமா?

பதற்றத்துக்கு அதிகம் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகளில், சிலருக்கு அழுகையும் வராமல் சிரிப்பும் வராமல் மந்தமாக இருப்பது உண்டு. எல்லோருக்கும் அல்ல. பயத்தின் இரைச்சல் குறைந்ததும் மற்றவர் சொல்வது முதன்முறையாகக் காதில் விழுகிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மந்தமாக உணர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்க்கலாம். தானாகத் திடீரென்று நிறுத்துவது மட்டும் கூடாது.

என் மனைவிக்குப் பதற்றம். நான் சும்மா இருந்தாலும் என் முகத்தைப் படித்துக்கொண்டே இருக்கிறாள். நான் என்ன செய்வது?

‘ஒன்றுமில்லை’ என்ற வார்த்தையைக் கூடிய மட்டும் குறையுங்கள். உங்கள் முகம் சுருங்கியிருப்பதை அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். ‘ஒன்றுமில்லை’ என்றால் அவர் கண்ணையே பொய்யாக்குகிறீர்கள், பிறகு காரணத்தை அவரே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். எதைக் கண்டுபிடிப்பார் என்று தெரியுமே. ‘ஆபீஸில் ஒரு தகராறு, அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன், உன் சம்பந்தப்பட்டதில்லை’ என்று ஒரு வரி போதும். அவர் மேலேயே கோபம் என்றால் அதையும் அமைதியாகச் சொல்லிவிடலாம். தெரிந்த கோபத்தைத் தாங்குவது சுலபம்.

அதே கேள்வியை அன்று நாலாவது முறை கேட்டால், மறுபடி பதில் சொல்வதைவிட, ‘இதற்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன், இப்போது பயம் பேசுகிறது என்று நினைக்கிறேன், வா, சும்மா உட்காரலாம்’ என்பது மேல். எரிச்சலோடு சொன்னால் பலிக்காது.

எப்போது மருத்துவரிடமோ கவுன்சலரிடமோ போக வேண்டும்?

மற்றவர் என்ன நினைப்பார் என்ற பயத்தில் வேலையை, படிப்பை, உறவை விட்டு ஒதுங்க ஆரம்பித்தால். கூட்டம், போன், புது ஆள் என்று தவிர்ப்பவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போனால். ஆறு மாதம் போல இது நீடித்தால் சமூகப் பதற்றக் கோளாறா என்று மருத்துவர்கள் ஆராய்வார்கள். ஆனால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது. தற்கொலை எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

போனால் முதல் நாள் என்ன சொல்வது? அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பாரோ என்று இருக்கிறது.

அந்த வாக்கியத்தையே சொல்லுங்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். அவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். என்ன எழுதியிருப்பார் என்று வீடு வரும்வரை யோசித்தேன். அடுத்த முறை போனபோது கேட்டேன். பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நான் சொன்ன அதே வாக்கியம்தான், தேதியோடு.